கோப்பின் பெயர் முகவரியாவது எப்படி: கோப்புவழி ரவுட்டிங், தொடக்கநிலையினருக்கு

இணையச் செயலி எழுதக் கற்கத் தொடங்கும் எவரும் முதல் சில நாட்களுக்குள் கேட்டுவிடும் ஓர் அறிவுரை உண்டு: “இந்தக் கோப்புறைக்குள் ஒரு கோப்பைப் போட்டுவிடுங்கள், பக்கம் தானாக வந்துவிடும்.” போட்டுப் பார்த்தால் பக்கம் வந்தும் விடுகிறது. வந்துவிட்டதாலேயே, அது எப்படி வந்தது என்று கேட்காமல் அடுத்த வேலைக்குப் போய்விடுகிறோம். பயனர் ஒரு முகவரியைத் தட்டியதும் உலாவி சேவையகத்துக்குச் சென்று, அந்தக் கோப்புறையைத் திறந்து, அதே பெயருள்ள கோப்பை எடுத்து வருகிறது என்று ஒரு சித்திரம் மட்டும் மனத்தில் தங்கிவிடுகிறது.

அந்தச் சித்திரம் தவறானது. கற்றுக்கொடுக்கும்போது என்னிடம் வந்த கேள்விகளில் பெரும்பாலானவை இந்த ஒரு தவறிலிருந்தே கிளைத்திருந்தன. என் கணினியில் ஓடிய பக்கம் சேவையகத்தில் ஏன் ‘காணவில்லை’ என்கிறது? முகவரி மாறுகிறது, உள்ளடக்கம் ஏன் மாறவில்லை? கோப்புறையின் பெயரை மறைத்து வைத்தால் பக்கமும் மறைந்துவிடுமா? இவை ஒவ்வொன்றுக்கும் தனித்தனி மருந்தை மனப்பாடம் செய்வதைவிட, உள்ளே நடப்பதை ஒருமுறை நிதானமாகப் பார்த்துவிடுவது எளிது. இக்கட்டுரை அதற்காகத்தான்.

சொற்களைப் பற்றி ஒரு முன்குறிப்பு

பயனர் கேட்கும் முகவரிக்கு எந்தத் திரையைக் காட்ட வேண்டும் என்று தீர்மானிக்கும் வேலைக்கு ரவுட்டிங் என்று பெயர். ஒரு முகவரிக்கும் ஒரு திரைக்கும் இடையிலான ஒவ்வோர் இணைப்பும் ஒரு ரவுட். பேருந்து ‘ரூட்’ என்று நாம் அன்றாடம் சொல்லும் அதே சொல்தான் இது. ஆனால் ‘வேர்’ என்று பொருள்படும் இன்னொரு ‘ரூட்’ பின்னால் வரவிருப்பதால், குழப்பம் நேராதிருக்க இதை ரவுட் என்றே எழுதுகிறேன்.

எடுத்துக்காட்டாக, ஒரு சிற்றூர் நூலகத்துக்கான செயலியைக் கட்டுரை முழுவதும் வைத்துக்கொள்வோம். அதில் முகப்பு, நூல்களின் பட்டியல், ஒவ்வொரு நூலுக்கும் ஒரு பக்கம், தொடர்புப் பக்கம் ஆகியவை இருக்கின்றன. படிக்க வசதியாக இருக்கட்டும் என்று கோப்புகளின் பெயர்களைத் தமிழிலேயே எழுதுகிறேன், பின்னொட்டையும் விட்டுவிடுகிறேன். உண்மையான செயலியில் இப்பெயர்களை ஆங்கில எழுத்துகளில் வைப்பதே நல்லது. அதற்கான காரணம் பின்னர் வரும்.

பேரேடும் முதுகுச் சீட்டும்

ஒரு நூலகத்தில் நீங்கள் கேட்கும் நூல் எந்த அடுக்கில் இருக்கிறது என்று கண்டுபிடிக்க இரண்டு வழிகளைக் கற்பனை செய்யலாம்.

முதல் வழியில் நூலகர் மேசையில் ஒரு பேரேடு இருக்கிறது. புதிய நூல் வரும்போதெல்லாம் அவர் தம் கையால் அதில் ஒரு வரி சேர்க்கிறார்: இந்த நூல், இந்த அடுக்கு. நூலை இடம் மாற்றினால் பேரேட்டையும் திருத்த வேண்டும். மறந்துவிட்டால் நூல் அடுக்கில் இருந்தும் கிடைக்காது. அல்லது பேரேட்டில் இருக்கும், அடுக்கில் இருக்காது.

இரண்டாம் வழியில் ஒவ்வொரு நூலின் முதுகிலும் ஒரு சீட்டு ஒட்டப்படுகிறது. அந்தச் சீட்டில் உள்ள குறியீடே நூலின் இடத்தைச் சொல்லிவிடுகிறது. சென்னைப் பல்கலைக்கழக நூலகராக இருந்த எஸ். ஆர். ரங்கநாதன் 1933-இல் வெளியிட்ட கோலன் பகுப்பு முறையில், எழுத்துகளும் எண்களும் மட்டுமின்றி, நடுவில் வரும் முக்காற்புள்ளி போன்ற நிறுத்தக்குறிகளும் பொருள் தாங்கி நிற்கும். குறியீட்டைப் படிக்கத் தெரிந்தவருக்கு அதுவே ஒரு வாக்கியம். கோப்புகளின் பெயர்களுக்கும் இதே போன்ற ஒரு சிறு இலக்கணம் இருப்பதைப் பின்னர் பார்ப்போம்.

இரண்டாம் வழியில் பேரேடு ஒழிந்துவிட்டதா என்பது முக்கியமான கேள்வி. ஒழியவில்லை. நூலகம் திறப்பதற்கு முன் ஓர் உதவியாளர் அடுக்கு அடுக்காக நடந்து, முதுகுச் சீட்டுகளைப் படித்து, பேரேட்டைத் தாமே எழுதி மேசையில் வைத்துவிடுகிறார். கதவு திறந்த பிறகு வரும் வாசகருக்குப் பதில் சொல்வது அந்தப் பேரேடுதான். யாரும் அடுக்குகளுக்கிடையே தேடி ஓடுவதில்லை. கோப்புவழி ரவுட்டிங் என்பது இந்த உதவியாளரை வேலைக்கு வைத்துக்கொள்வதே.

முகவரி உண்மையாகவே கோப்பாக இருந்த காலம்

தொடக்கத்தில் சொன்ன தவறான சித்திரம் வெறும் கற்பனையன்று. ஒரு காலத்தில் அது உண்மையாக இருந்தது, அதனால்தான் இன்றும் அழியாமல் நிற்கிறது.

1995-இல் வெளிவந்த அப்பாச்சி போன்ற சேவையக மென்பொருள்களில், வட்டில் ஒரு கோப்புறையை வெளியுலகுக்கான வாசலாகக் குறித்துவிடுவார்கள். முகவரியில் டொமைன் பெயருக்குப் பின் வரும் பகுதி அந்தக் கோப்புறைக்குள் செல்லும் பாதையாகவே கொள்ளப்படும். முகவரி ஒரு கோப்புறையோடு முடிந்துவிட்டால், அதற்குள் இருக்கும் ‘இண்டெக்ஸ்’ என்ற கோப்பு அனுப்பப்படும். அதே 1995-இல் ராஸ்மஸ் லெர்டார்ஃப் வெளியிட்ட பிஎச்பி மொழியும் பல ஆண்டுகள் இதே வழக்கத்தில்தான் பயன்பட்டது: ஒரு கோப்பு, ஒரு முகவரி. இன்றைய செயலிகளில் முகப்புக்கு இண்டெக்ஸ் என்று பெயர் வைப்பது அந்த நாட்களின் எச்சம்.

பிறகு ஒற்றைப் பக்கச் செயலிகள் வந்தன. பெயர் சொல்வது போலவே, இத்தகைய செயலியில் சேவையகம் அனுப்பும் எச்டிஎம்எல் பக்கம் ஒன்றே ஒன்றுதான். அதனோடு வரும் ஜாவாஸ்கிரிப்ட் நிரலே மற்ற எல்லாத் திரைகளையும் உலாவிக்குள் வரைகிறது. பயனர் ‘நூல்கள்’ என்ற இணைப்பைச் சொடுக்கும்போது சேவையகத்திடம் புதிய பக்கம் எதுவும் கேட்கப்படுவதில்லை. செயலி அந்தச் சொடுக்கைத் தடுத்து நிறுத்துகிறது. எச்டிஎம்எல்5-ஓடு உலாவிகளுக்கு வந்த ஹிஸ்டரி ஏபிஐ என்ற வசதியின் துணையால் முகவரிப் பட்டையில் உள்ள எழுத்துகளை மட்டும் மாற்றுகிறது. பின் தன்னிடமுள்ள பட்டியலைப் பார்த்து உரிய திரையை வரைகிறது. பயனர் பின்செல் பொத்தானை அழுத்தினால் உலாவி செயலிக்குச் செய்தி அனுப்பும். செயலி மறுபடியும் அதே பட்டியலைப் பார்க்கும்.

அந்தப் பட்டியலுக்கு ரவுட் அட்டவணை என்று பெயர். திரைகளை வரைய உதவும் ரியாக்ட் என்ற ஜாவாஸ்கிரிப்ட் நிரல்தொகுப்போடு பயன்படுவதற்காக 2014-இல் தொடங்கிய ரியாக்ட் ரவுட்டர் முதலானவற்றில் நிரலாளர் இதைத் தம் கையால் எழுதினார். பத்துப் பக்கங்கள் உள்ள செயலிக்கு அது சுமையன்று. நூறு பக்கங்கள், ஐந்து பேர் கொண்ட குழு என்றாகும்போது, எல்லோரும் திருத்தும் ஒரே கோப்பாக அந்த அட்டவணை மாறி, ஒருவர் திருத்தமும் இன்னொருவர் திருத்தமும் மோதிக்கொள்ளும் களமாகிவிடுகிறது. ரியாக்ட்டின் மேல் கட்டப்பட்டு 2016-இல் வந்த நெக்ஸ்ட்.ஜேஎஸ் என்ற கருவி ‘பேஜஸ்’ என்றொரு கோப்புறையை வைத்துக்கொண்டு பழைய வழக்கத்தை மீட்டது. நக்ஸ்ட், ஸ்வெல்ட்கிட், ஆஸ்ட்ரோ என்று இத்தகைய கருவிகள் பலவும் பின்னர் தத்தம் வழியில் அதையே செய்தன.

சுருக்கமாக இதுவரை: பழைய சேவையகங்களில் முகவரி நேராகக் கோப்பைத் தொட்டது. ஒற்றைப் பக்கச் செயலியில் முகவரி ஓர் அட்டவணையைத் தொடுகிறது. கோப்புவழி ரவுட்டிங்கில் அந்த அட்டவணையை எழுதுவது யார் என்பது மட்டுமே மாறுகிறது.

அடுக்குகளைச் சுற்றிவரும் உதவியாளர்

உலாவிக்கு உங்கள் கணினியின் கோப்புறைகளைப் பார்க்கும் வழியே இல்லை. பக்கங்களுக்கான கோப்புகளை நீங்கள் போட்டு வைக்கும் ‘ரவுட்ஸ்’ கோப்புறையும் பயனரின் கைப்பேசியில் கிடையாது. ஆகவே கோப்புகளின் பெயர்களைப் படிக்கும் வேலை, செயலி பயனரைச் சென்றடைவதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். அது முடியும் இடம் பில்ட் எனப்படும் கட்டம். நாம் எழுதும் நிரல்கோப்புகளைத் திரட்டி, மொழிமாற்றி, உலாவிக்கு அனுப்பத்தக்க கோப்புகளாக ஆக்கும் வேலையே பில்ட். வீட் என்ற கருவி இவ்வேலைக்கு இன்று பரவலாகப் பயன்படுகிறது. அதற்குள் பொருத்தப்படும் துணை நிரலைச் செருகுநிரல் என்பர். நம் உதவியாளர் ஒரு செருகுநிரலாகவே வருகிறார்.

பில்ட் தொடங்கியதும் செருகுநிரல் ரவுட்ஸ் கோப்புறைக்குள் நுழைந்து, அதிலுள்ள எல்லாக் கோப்புகளின் பெயர்களையும் உட்கோப்புறைகளோடு சேர்த்துத் திரட்டுகிறது. ஒவ்வொரு பெயரையும் சாய்கோடு வரும் இடங்களில் பிரித்து, துண்டு துண்டாகப் படிக்கிறது. ‘நூல்கள்’ என்ற கோப்புறைக்குள் ‘புதியவை’ என்ற கோப்பு இருந்தால், ‘/நூல்கள்/புதியவை’ என்ற முகவரி பிறக்கிறது. ‘இண்டெக்ஸ்’ என்ற துண்டு வந்தால் அது முகவரியில் எதையும் சேர்ப்பதில்லை. இப்படித் திரண்டவற்றை ஒரு மரமாக அடுக்கி, அந்த மரத்தைச் சாதாரண நிரலாக ஒரு கோப்பில் எழுதி வைக்கிறது. செயலி உலாவியில் ஓடும்போது பயன்படுவது இந்த எழுதப்பட்ட கோப்புதான்.

நீங்கள் செயலியை எழுதிக்கொண்டிருக்கும்போது இதே வேலை இடைவிடாமல் நடக்கிறது. கோப்புறையைக் கண்காணித்துக்கொண்டே இருக்கும் செருகுநிரல், புதிய கோப்பு ஒன்றைக் கண்ட கணமே அட்டவணையைத் திருத்தி எழுதுகிறது. ‘தானாக வந்துவிடும்’ என்று சொல்லப்படும் வியப்பு இவ்வளவே.

இதனால் கிடைக்கும் இன்னொரு பயனையும் சொல்லியாக வேண்டும். எந்தப் பக்கத்தின் நிரல் எந்தக் கோப்பில் தொடங்குகிறது என்பது கருவிக்குத் தெளிவாகத் தெரிவதால், ஒவ்வொரு பக்கத்தின் நிரலையும் தனித் துண்டாக்கி, பயனர் அந்தப் பக்கத்துக்குச் செல்லும்போது மட்டும் பதிவிறக்கும்படி செய்ய முடிகிறது. இதற்கு நிரல் பிரிப்பு என்று பெயர். நூலகத்தின் முகப்பைப் பார்க்க வந்தவரின் கைப்பேசி, நிர்வாகப் பக்கத்தின் நிரலையும் சேர்த்து இறக்க வேண்டியதில்லை. கையால் எழுதும் அட்டவணையிலும் இதைச் செய்யலாம். ஆனால் ஒவ்வொரு வரியிலும் நினைவாகச் செய்ய வேண்டியிருக்கும்.

பெயர்களின் இலக்கணம்

ஒவ்வொரு கருவிக்கும் குறியீடுகள் வேறுபடும். கருத்துகள் ஏறத்தாழ ஒன்றே. கருத்தைப் பிடித்துக்கொண்டால் குறியீட்டை ஒரு நாளில் பழகிக்கொள்ளலாம்.

நிலையான துண்டு என்பது எழுத்துக்கு எழுத்து அப்படியே முகவரியில் வருவது. ‘தொடர்பு’ என்ற கோப்பு ‘/தொடர்பு’ என்ற முகவரியாகும். இதில் விளக்க எதுவுமில்லை.

மாறும் துண்டு என்பது ஒரு வெற்றிடம். நூலகத்தில் ஐயாயிரம் நூல்கள் இருந்தால் ஐயாயிரம் கோப்புகளை எழுத முடியாது. ஆகவே பெயரில் ஒரு வெற்றிடம் விட்டு, அதில் எது வந்தாலும் ஏற்றுக்கொள் என்கிறோம். நெக்ஸ்ட்.ஜேஎஸ்ஸிலும் ஸ்வெல்ட்கிட்டிலும் இதைச் சதுர அடைப்புக்குள் ‘[எண்]’ என்று எழுதுவர். ரியாக்ட் செயலிகளுக்கான இன்னொரு கருவியான டான்ஸ்டாக் ரவுட்டரில் ‘$எண்’ என்று டாலர் குறியோடு எழுதுவர். பயனர் ‘/நூல்கள்/27’ என்று கேட்டால், வெற்றிடத்தில் விழுந்த 27, எண் என்ற பெயரோடு பக்கத்தின் நிரலுக்குக் கொடுக்கப்படும். அப்படிக் கொடுக்கப்படும் மதிப்பைப் பேராமீட்டர் என்பர். அது பார்வைக்கு எண்ணாக இருந்தாலும் எழுத்துச் சரமாகவே வந்து சேரும். கணக்குப் போட வேண்டுமானால் நீங்கள்தான் எண்ணாக மாற்ற வேண்டும். முகவரியைப் பயனர் கையாலும் தட்டலாம் என்பதால், 27-க்குப் பதில் ஏதோ ஒரு சொல் வந்தாலும் பக்கம் தடுமாறாதபடி சோதித்துக்கொள்வதும் உங்கள் பொறுப்பு.

‘நூல்கள்’ கோப்புறையில் ‘புதியவை’ என்ற நிலையான கோப்பும் ‘$எண்’ என்ற மாறும் கோப்பும் சேர்ந்து இருக்கின்றன என்று கொள்வோம். ‘/நூல்கள்/புதியவை’ என்ற முகவரி இரண்டுக்கும் பொருந்துகிறதே, எது வெல்லும்? நிலையானதே வெல்லும். குறிப்பாகச் சொல்வது பொதுவாகச் சொல்வதை முந்தும் என்பது விதி. கையால் எழுதிய பழைய அட்டவணைகள் பலவற்றில், மேலிருந்து கீழாகப் பார்த்து முதலில் பொருந்துவதை எடுத்துக்கொள்ளும் வழக்கம் இருந்தது; வரிகளின் வரிசை பிசகினால் தவறான பக்கம் வரும். கோப்புறைக்குள் கோப்புகளுக்கு அத்தகைய வரிசை ஏதும் இல்லை. ஆதலால், எது எதை முந்தும் என்பதைக் கருவியே இந்த விதியைக் கொண்டு தீர்த்துக்கொள்கிறது.

அனைத்தையும் ஏற்கும் துண்டு மிகப் பொதுவானது. எத்தனை சாய்கோடுகள் வந்தாலும் மிச்சம் முழுவதையும் அது விழுங்கிக்கொள்ளும். நெக்ஸ்ட்.ஜேஎஸ்ஸில் அடைப்புக்குள் மூன்று புள்ளிகளோடு ‘[...பாதை]’ என்றும், டான்ஸ்டாக்கில் ‘$’ என்று மட்டுமே கொண்ட பெயராகவும் இதை எழுதுவர். எல்லாவற்றுக்கும் கடைசியில் சோதிக்கப்படுவது இதுதான்.

இந்த இலக்கணத்தில் சற்று நின்று கவனிக்க வேண்டிய பகுதி லேஅவுட். பல பக்கங்களைச் சுற்றி நிற்கும் பொதுச் சட்டகமே லேஅவுட். நூலகச் செயலியின் தலைப்புப் பட்டை எல்லாப் பக்கங்களிலும் வர வேண்டும். நூல் தொடர்பான பக்கங்களில் மட்டும் இடப்பக்கத்தில் பிரிவுகளின் பட்டியல் வர வேண்டும். கூடத்தைக் கடந்துதான் அறைக்குள் செல்ல முடிகிற வீட்டைப் போன்றது இந்த அமைப்பு. அறை மாறும்போது கூடம் இடிக்கப்படுவதில்லை. 27-ஆம் நூலிலிருந்து 28-ஆம் நூலுக்குப் போகும்போது இடப்பட்டியல் மறுபடி வரையப்படாமல், அதில் பயனர் உருட்டி வைத்த இடத்திலேயே நிற்கும். கோப்புறைக்குள் கோப்புறை என்ற அடுக்கும், சட்டகத்துக்குள் சட்டகம் என்ற அடுக்கும் ஒன்றோடொன்று பொருந்திப்போவதுதான் கோப்புவழி ரவுட்டிங்கின் உண்மையான வலிமை என்பது என் கருத்து. தட்டச்சு மிச்சமாவது சிறிய லாபமே.

லேஅவுட் கோப்பில், உள்ளே வரவேண்டிய பக்கத்துக்கான இடத்தைக் குறித்துக்காட்ட வேண்டும். ரியாக்ட் ரவுட்டரிலும் டான்ஸ்டாக்கிலும் அந்த இடக்குறிக்கு அவுட்லெட் என்று பெயர். முகவரி மாறியும் உள்ளடக்கம் மாறாத சிக்கலுக்கு மிகப் பெரும்பாலும் காரணம், லேஅவுட்டில் அவுட்லெட்டை வைக்க மறந்ததே. கூடத்தைக் கட்டிவிட்டு அறைக்கு வாசல் வைக்காமல் விட்டது போல.

முகவரியில் தோன்றாத துண்டுகளும் உண்டு. சில பக்கங்களை ஒரே சட்டகத்துக்குள் வைக்க வேண்டும், ஆனால் அதற்காக முகவரியில் ஒரு சொல் கூடக் கூடாது என்றால், நெக்ஸ்ட்.ஜேஎஸ்ஸில் கோப்புறையின் பெயரைப் பிறை அடைப்புக்குள் இடுவர். டான்ஸ்டாக்கில் பெயரின் முன் அடிக்கோடு இடுவர். பக்கமே அல்லாத துணைக் கோப்புகளை ரவுட்ஸ் கோப்புறைக்குள் வைத்துக்கொள்ள, டான்ஸ்டாக்கில் பெயரின் முன் ஒரு சிறுகோடு இட்டால் போதும். உதவியாளர் அதைக் கடந்து போய்விடுவார்.

இங்கே ஒரு கருவியின் பழக்கத்தை இன்னொன்றில் எதிர்பார்த்து ஏமாறுவோர் பலர். நெக்ஸ்ட்.ஜேஎஸ்ஸின் பழைய பேஜஸ் முறையில் கோப்பே பக்கம். 2022-இல் பதிப்பு 13-ஓடு வந்த ‘ஆப்’ முறையில் கோப்புறைதான் பாதை. அதற்குள் ‘பேஜ்’ என்ற பெயருள்ள கோப்பு இருந்தால் மட்டுமே அது பக்கமாகும். ஸ்வெல்ட்கிட்டிலும் அப்படியே, ஆனால் அங்கே பெயர் கூட்டல் குறியோடு ‘+பேஜ்’ என்று தொடங்க வேண்டும். கோப்பைப் போட்டும் பக்கம் வரவில்லை என்றால், முதலில் உங்கள் கருவி எதைப் பக்கம் என்று கொள்கிறது என்பதைச் சரிபாருங்கள்.

ஒரு செயலியில் அமைத்துப் பார்ப்போம்

வீட் கருவியைக் கொண்டு உருவாக்கிய ரியாக்ட் செயலி ஒன்றில் டான்ஸ்டாக் ரவுட்டரை அமைப்பதை எடுத்துக்கொள்கிறேன். அட்டவணைக் கோப்பு கண்முன்னே உருவாவதைப் பார்க்க முடியும் என்பதால், கற்பவருக்கு இது மிகப் பொருத்தமானது.

முதலில் ரவுட்டர் தொகுப்பையும் அதன் செருகுநிரல் தொகுப்பையும் என்பிஎம் என்ற தொகுப்பு நிறுவும் கருவி வழியே நிறுவ வேண்டும். பிறகு வீட் கருவியின் அமைவுக் கோப்பைத் திறந்து, செருகுநிரல்களின் பட்டியலில் ரவுட்டர் செருகுநிரலைச் சேர்க்க வேண்டும். அது ரியாக்ட் செருகுநிரலுக்கு முன்னால் நிற்பது அவசியம்.

அடுத்து, மூலக் கோப்புறைக்குள் ரவுட்ஸ் என்ற கோப்புறையை உருவாக்குங்கள். அதற்குள் முதலில் வரவேண்டியது ‘__ரூட்’ என்ற கோப்பு. முன்னால் இரண்டு அடிக்கோடுகள். வேர் என்ற பொருளுடைய ரூட் இதுதான். எல்லாப் பக்கங்களையும் சுற்றி நிற்கும் வெளிச்சட்டகம் என்பதால், தலைப்புப் பட்டையையும் அதன் கீழே ஓர் அவுட்லெட்டையும் இதில் வையுங்கள். இரண்டாவதாக முகப்புக்கு ‘இண்டெக்ஸ்’. மூன்றாவதாக ‘தொடர்பு’. பிறகு ‘நூல்கள்’ என்ற கோப்புறையை உருவாக்கி, பட்டியலுக்கு அதற்குள் ஓர் ‘இண்டெக்ஸ்’, ஒவ்வொரு நூலுக்குமாக ‘$எண்’. நூல் பக்கங்களுக்கு இடப்பட்டியல் வேண்டுமானால், அந்தக் கோப்புறைக்கு வெளியே, அதே ‘நூல்கள்’ என்ற பெயரில் ஒரு கோப்பை வைத்து அதில் இடப்பட்டியலையும் அவுட்லெட்டையும் எழுதுங்கள். கோப்புறைக்கும் கோப்புக்கும் ஒரே பெயர் இருப்பது முதலில் விசித்திரமாகத் தோன்றும்; கோப்பு கூடம், கோப்புறை அதன் அறைகள் என்று எண்ணிக்கொண்டால் பழகிவிடும்.

செயலியை எழுதும்போது நம் கணினியிலேயே ஓடும் வளர்ச்சிச் சேவையகத்தை ஓடவிட்டபடியே ரவுட்ஸ் கோப்புறைக்குள் ஒரு வெற்றுக் கோப்பை உருவாக்கிப் பாருங்கள். செருகுநிரல் அதற்குள் தொடக்க நிரலைத் தானே எழுதிவிடும், முகவரியையும் நிரப்பிவிடும். அதே கணத்தில் மூலக் கோப்புறையில் ரவுட் மரத்துக்கான கோப்பு புதுப்பிக்கப்பட்டிருக்கும். அதைத் திறந்து ஒருமுறை பொறுமையாகப் படியுங்கள். நீங்கள் உருவாக்கிய கோப்புகள் ஒவ்வொன்றும் மேலே இறக்குமதி செய்யப்பட்டு, கீழே தாயும் பிள்ளையுமாக அடுக்கப்பட்டிருப்பதைக் காணலாம். படிக்கலாமே தவிர, கையால் திருத்தக் கூடாது. அடுத்த முறை எழுதப்படும்போது உங்கள் திருத்தம் அழிந்துவிடும். செயலி ஓடுவதற்கே இந்தக் கோப்பு தேவை என்பதால் இதையும் நிரலின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் (Git) கருவியில் சேர்த்துவிடும்படி டான்ஸ்டாக்கின் ஆவணம் சொல்கிறது.

கடைசி வேலை ஒன்று மிச்சம். செயலியின் தொடக்கக் கோப்பில் அந்த மரத்தை இறக்குமதி செய்து, அதைக் கொண்டு ஒரு ரவுட்டரை உருவாக்கி, ரவுட்டர் புரவைடர் என்ற காம்பொனென்ட்டிடம் (திரையைக் கட்டும் நிரல் உறுப்புக்கு ரியாக்ட்டில் இப்பெயர்) கொடுத்துவிட வேண்டும். அதன் பிறகு புதிய பக்கம் வேண்டும்போதெல்லாம் ஒரு கோப்பு போதும்.

பக்கங்களுக்கிடையே செல்ல, சாதாரண எச்டிஎம்எல் இணைப்பை எழுதாமல், ரவுட்டர் தரும் லிங்க் என்ற காம்பொனென்ட்டைப் பயன்படுத்துங்கள். சாதாரண இணைப்பும் வேலை செய்வது போலவே தோன்றும். ஆனால் ஒவ்வொரு சொடுக்குக்கும் செயலி முழுவதும் முதலிலிருந்து ஏற்றப்படும், பயனர் நிரப்பிக்கொண்டிருந்த தேடல் பெட்டி காலியாகிவிடும்.

தடுக்கி விழும் இடங்கள்

செயலியைச் சேவையகத்தில் ஏற்றியாயிற்று. முகப்பிலிருந்து சொடுக்கிச் சென்றால் எல்லாம் வருகிறது. ‘/நூல்கள்/27’ பக்கத்தில் நின்று புதுப்பித்தால் மட்டும் 404 என்ற பிழை வருகிறது. இந்த அனுபவம் அநேகமாக எல்லோருக்கும் ஒருமுறை நேர்ந்திருக்கும். காரணம் இப்போது உங்களுக்கே புரியும். புதுப்பிக்கும்போது உலாவி உண்மையாகவே சேவையகத்திடம் அந்த முகவரியைக் கேட்கிறது. சேவையகம் பழைய வழக்கப்படி அந்தப் பெயரில் கோப்பைத் தேடுகிறது. பில்ட் முடிந்தபின் அப்படியொரு கோப்பு எங்கும் இல்லை. இருப்பது ஒரே ஓர் எச்டிஎம்எல் பக்கமும் நிரல் துண்டுகளுமே. எனவே, கேட்ட கோப்பு இல்லையென்றால் அந்த ஒற்றைப் பக்கத்தையே அனுப்பு என்று சேவையகத்துக்குச் சொல்லிவைக்க வேண்டும். என்ஜின்எக்ஸ் என்ற சேவையக மென்பொருளில் இது அமைவுக் கோப்பில் ஒரே வரி. வீட் கருவியின் வளர்ச்சிச் சேவையகம் இதைத் தானாகவே செய்துவிடுவதால்தான் நம் கணினியில் இந்தச் சிக்கல் தலைகாட்டுவதில்லை. நெக்ஸ்ட்.ஜேஎஸ் போன்றவற்றைத் தம் சொந்தச் சேவையகத்தோடு ஓடவிடும்போதும் இந்தக் கேள்வி எழாது, ஏனெனில் அங்கே அட்டவணை சேவையகத்திடமும் இருக்கிறது.

இரண்டாவது, ஆங்கிலப் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும். விண்டோஸிலும் மேக்கிலும் இயல்பான அமைப்பில் இவ்விரண்டையும் கோப்பு முறைமை வேறுபடுத்துவதில்லை, லினக்ஸ் வேறுபடுத்தும். நான் வேலை செய்த ஒரு செயலியில், கோப்பின் முதல் எழுத்து பெரியதாகவும் அதை இறக்குமதி செய்த வரியில் சிறியதாகவும் இருந்தது. எங்கள் கணினிகளில் பல வாரங்கள் குறையின்றி ஓடியது, லினக்ஸில் பில்ட் செய்த அன்று நின்றுபோனது. எல்லாப் பெயர்களையும் சிறிய எழுத்துகளில் வைப்பது என்று முதல் நாளே முடிவு செய்துவிடுங்கள்.

மூன்றாவது, தமிழ்ப் பெயர்கள். முகவரியில் தமிழ் எழுத்து வரலாம். ஆனால் அனுப்பப்படும்போது ஒவ்வொரு குறியீட்டுப் புள்ளியும் (எழுத்துக்கோ அதன் துணைக் குறிக்கோ யூனிகோடு தரும் எண்) யூடிஎஃப்-8 முறையில் மூன்று பைட்டுகளாகி, ஒவ்வொரு பைட்டும் விழுக்காட்டுக் குறியோடு மூன்று எழுத்துகளாக விரியும். ‘நூல்கள்’ என்ற சொல்லில் குறியீட்டுப் புள்ளிகள் ஏழு. நகலெடுத்து ஒட்டும்போது அது பல இடங்களில் 63 எழுத்துகள் கொண்ட சரமாக நிற்கும். அதைவிட நுட்பமான சிக்கல் ‘தொடர்பு’ என்ற சொல்லில் இருக்கிறது. ‘தொ’ என்பதில் உள்ள ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே புள்ளியாகவும் எழுதலாம், கொம்பும் காலுமாக இரண்டு புள்ளிகளாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றே. நிரல் ஒப்பிட்டுப் பார்த்தால் இரண்டும் வேறு வேறு. கண்ணுக்குச் சரியாக இருக்கும் முகவரி ‘காணவில்லை’ என்று திரும்பும். தமிழ் முகவரிகள் வேண்டும் என்பதில் எனக்கு முழு உடன்பாடு உண்டு. ஆனால் அவற்றைக் கோப்பின் பெயரில் வைக்காமல் மாறும் துண்டின் மதிப்பாக வாங்கி, ஒப்பிடுவதற்கு முன் யூனிகோடு இயல்பாக்கம் (ஒரே எழுத்தின் இருவேறு வடிவங்களை ஒன்றாக்குதல்) செய்துகொள்வதே பாதுகாப்பான வழி. ஜாவாஸ்கிரிப்டில் எழுத்துச் சரங்களுக்கு இதற்கென்றே ஒரு செயல்பாடு உண்டு.

நான்காவது மிக முக்கியமானது. பெயர் பூட்டாகாது. அடிக்கோடு இட்ட கோப்புறையோ, இணைப்பு எதுவும் கொடுக்கப்படாத பக்கமோ மறைவானதன்று. அட்டவணையும் நிரல் துண்டுகளும் பயனரின் உலாவிக்குப் போய்ச் சேர்கின்றன. தேடத் தெரிந்தவர் எடுத்துப் படிக்க முடியும். நிர்வாகப் பக்கத்தின் சட்டகத்தில் ‘இவர் உள்நுழைந்தவரா’ என்று சோதிப்பது வழிதவறி வந்தவரைத் திருப்பி அனுப்ப உதவும். தரவைக் காப்பது அதைத் தரும் சேவையகத்தின் வேலை.

எப்போது வேண்டாம்

நான்கைந்து திரைகளே கொண்ட செயலிக்குக் கையால் எழுதிய அட்டவணையே போதும். ஒரே கோப்பில் எல்லாம் தெரிவது அங்கே நன்மை. ஒரே திரையைப் பல முகவரிகளில் காட்ட வேண்டியிருந்தாலோ, முகவரிகள் தரவுத்தளத்திலிருந்து தீர்மானமானாலோ, கோப்புகளின் பெயர்களோடு மல்லுக்கட்ட நேரிடும். 2024 இறுதியில் வந்த ரியாக்ட் ரவுட்டர் 7 இரண்டுக்கும் இடம் தருகிறது: அதன் ஃபிரேம்வொர்க் முறையில் அட்டவணை ஓர் அமைவுக் கோப்பாக நிரலாளரின் கையில் இருக்கும், வேண்டுவோர் அதற்குள்ளேயே கோப்புவழி முறையையும் தனித் தொகுப்பாகச் சேர்த்துக்கொள்ளலாம்.

எந்த வழியைத் தேர்ந்தாலும், கோப்புவழி முறையில் ஒரு பெயரை மாற்றும்போது மட்டும் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். சாதாரண நிரல்கோப்பின் பெயரை மாற்றினால் அது குழுவுக்குள் முடிந்துவிடும் விஷயம். ரவுட்ஸ் கோப்புறையில் ‘நூல்கள்’ என்பதைப் ‘புத்தகங்கள்’ என்று மாற்றினால், யாரோ ஒரு வாசகர் நண்பருக்கு அனுப்பி வைத்த இணைப்பும், தேடுபொறியில் பதிவான முகவரியும், நூலகத்தின் சுவரில் ஒட்டிய கியூஆர் குறியும் ஒரே நேரத்தில் செத்துவிடும். அப்படி மாற்றித்தான் ஆகவேண்டும் என்றால், பழைய கோப்பை நீக்கிவிடாமல் அதே இடத்தில் விட்டு, அதன் உள்ளடக்கத்தை எடுத்துவிட்டு, வருபவரைப் புதிய முகவரிக்கு அனுப்பிவைக்கும் இரண்டு வரிகளை அதில் எழுதி வையுங்கள்.